ஐந்நூறு செங்கேணி

கடைசி ஆள் வரப்புக்கு வந்து சேரும்வரை செங்கேணி சேற்றில் கால் வைக்க மாட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வந்த பாதையையே பார்த்தபடி நிற்பாள். உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் பதினாறு வருடமாக நடவு வைத்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

அவளுடைய நடவு செட்டில் அவளோடு சேர்த்து இருபத்து நான்கு பெண்கள். நிலத்துக்காரர் ஒருத்தியை வேண்டாம் என்றாலும் எல்லோரும் கரையேறிவிட வேண்டும். அது செங்கேணி வைத்த சட்டம். கைக்குழந்தையோடு வந்த சுதாவை ஒருமுறை நிலத்துக்காரர் தாண்டவராயன் போகச் சொன்னார். “ஏறுங்கடி” என்றாள் செங்கேணி. பிடுங்கிய நாற்று வெயிலில் காய, அத்தனை பேரும் ஏறினார்கள். மறுநாள் சுதாவையும் சேர்த்தே கூப்பிட அவரே ஆள் அனுப்பினார்.

போன வருடம் தை மாதம், மூடிக் கிடந்த ரைஸ் மில்லுக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள். மனிதர்களை நகலெடுத்து வளர்க்கும் தொழிற்சாலை பற்றிய கதையாம். நெல் ஊறப்போட்ட தொட்டிகளுக்கு நீல விளக்குப் போட்டு, ஆட்கள் அதில்தான் விளைகிறார்கள் என்றார்கள். விளைந்தவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்துச் சண்டைக்கு அனுப்புவார்களாம். மேனேஜர் தினேஷ்குமார் செங்கேணியிடம் வந்து, இருபத்து நாலு பெண்கள், மூன்று நாள் வேலை என்று பேசினான். தாண்டவராயனுக்குச் சொல்லியிருந்த நடவை அவள் தள்ளிப்போட்டாள்.

காலையில் எல்லோருக்கும் சாம்பல் நிறச் சட்டை கொடுத்து உட்காரவைத்தார்கள். மத்தியானம்தான் தினேஷ்குமார் வந்தான்.

“ஒருத்தர் போதும்க்கா. நகல்னா எல்லாம் ஒரே மூஞ்சியாதானே இருக்கணும். உங்கள சுத்திப் படம் புடிச்சா கம்ப்யூட்டர் ஐந்நூறு பேரா ஆக்கிடும். உங்க மூஞ்சிதான் டைரக்டருக்குப் புடிச்சிருக்கு. மத்தவங்க சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கிட்டுக் கிளம்பலாம்.”

செட்டுப் பெண்களில் அம்முலு முதலில் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். செங்கேணியின் வாயையே பார்த்தாள். ஏறுங்கடி என்று அவள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

செங்கேணிக்கு அந்தச் சொல் வரவில்லை. நாற்பத்தேழு வயதுவரை எல்லோரும் அவள் கைகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். முகத்தை வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

“செத்த நின்னுட்டு வந்துட்றேன்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

வட்டமாக வைத்த கேமராக்களுக்கு நடுவே கோபப்படச் சொன்னார்கள், பயப்படச் சொன்னார்கள், செத்தவளாகக் கண்ணை மூடச் சொன்னார்கள். எல்லாம் செய்தாள். ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மில் வாசலில் இருபத்து மூன்று சட்டைகள் மண்ணில் கிடந்தன. பெண்கள் யாரும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் தாண்டவராயன் நிலத்துக்குப் போனாள். அதற்குள் அவர்கள் இறங்கியிருந்தார்கள். செங்கேணியை விட்டுவிட்டு வருவதானால் வாருங்கள் என்று அவர் முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார்.

“இன்னாத்துக்கு யக்கா இங்க வந்த?” என்றாள் அம்முலு, குனிந்த தலை நிமிராமல். “சினிமா மூஞ்சி சேறாயிடப் போவுது.”

“எல்லாரையும் கூப்புடுவாங்கன்னு நெனச்சன்டி.”

“பொய் சொல்லாத யக்கா. ஒருத்தர் போதும்னு அவன் சொல்லச்சே நானும் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத்தினி பேரும் ஏறியிருப்போம். எங்களுக்குன்னா சட்டம், உனக்குன்னா இல்ல.”

சுதா கையிலிருந்த நாற்றை உதறினாள்.

“அதான் ஐந்நூறு செங்கேணி பண்றாங்களாமே. அவளுங்கள இட்டுக்கினு போயி நடவு நடு. எங்க கூலியில எதுக்கு மண்ண போடற?”

பெண்கள் சிரித்தார்கள். வரப்பில் குடை பிடித்து நின்ற தாண்டவராயனும் சிரித்தார். பதினாறு வருடத்தில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. செருகிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

இந்தச் சித்திரையில் படம் செல்போனுக்கு வந்துவிட்டது. தொட்டிகளிலிருந்து செங்கேணிகள் வரிசையாக எழுந்து வருகிறார்கள். கதாநாயகன் சுட்டுத் தள்ளுகிறான். செங்கேணி வாசல் பெருக்கும் நேரம் பார்த்து, எதிர்வீட்டு சுதா அதைச் சத்தமாக வைத்தாள். ஒவ்வொருத்தி விழும்போதும், “செத்துப் பூட்டா ஒருத்தி” என்றாள்.

இப்போது செட்டை அம்முலு நடத்துகிறாள். செங்கேணி காலை பஸ் பிடித்து ஏனாத்தூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். இருபத்து மூன்று பேரில் ஒருத்தியும் அவளோடு பேசுவதில்லை.