இறக்கத்தில் சைக்கிளைத் தள்ளியவர்

வாகனமே வராத மலை ரோடாகத் தேடிப்பிடித்து சைக்கிளில் ஏறுகிறவன் நான். இலங்கையில் பண்டாரவளைக்கு மேலே அப்படியொரு தேயிலைத் தோட்டத்து ரோட்டில்தான் அந்தத் தபால்காரரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், வெயிலிலும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். எல்லாக் கியரையும் மாற்றியும் எனக்கு மூச்சு வாங்கிய ஏற்றத்தில், கியரே இல்லாத சைக்கிளை மிதித்து எனக்கு முன்னால் போனார். இறக்கம் தொடங்கியதும் குதித்துத் தள்ள ஆரம்பித்தார்.

"ஏங்க, பிரேக் இல்லீங்களா?"

"பிரேக்கெல்லாம் நல்லா இருக்குங்க. இது கொழுந்து நிறுக்கப் போற நேரம்."

"ரோடு காலியாத்தானே இருக்கு?"

"வாகனந்தான் இல்லீங்க. ஆளுக இருக்காங்க."

வளைவு திரும்பினால், ரோட்டை அடைத்தபடி பெண்கள் கீழே நடந்துகொண்டிருந்தார்கள். தலையில் கொழுந்து மூட்டை. ஒருவராலும் திரும்பிப் பார்க்க முடியாது. நானும் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

கடைசியாகப் போனவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அவர் மூட்டையைத் தபால்காரர் கேட்காமலே வாங்கிக் கேரியரில் வைத்தார்.

"இன்னைக்கு நீங்க லேட்டு," என்றார் அந்த அம்மா.

"ஆமா," என்றார் இவர்.

அந்தக் காலுக்கு இந்த இறக்கத்தில் என்ன ஆனது என்று தபால்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.