தோட்டம் என்றால் ரோஜா

எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். பதுளையில் பால்குடிக் குழந்தைக்கும் இது தெரியும். பள்ளிக்கூட மாஸ்டரான அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்திருந்தும், பூச்செடி பற்றி உள்ளூர் வாரப் பத்திரிகையில் எழுதிய பத்திக்கு ‘நம் தோட்டம்’ என்று பெயர் வைத்தார். பக்கத்தில் ரோஜாப் படம் இருக்கிறதே, விளங்காதா என்றார். இரண்டாம் வாரமே படத்தைத் தூக்கிவிட்டு அங்கே டியூஷன் விளம்பரம் போட்டார்கள்.

பிறகென்ன, கடிதங்கள் வந்தன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது, பாதை உடைந்து கிடக்கிறது என்று ஊர்க்குறை முழுக்க வந்தது. ஒரு செடியைப் பற்றிக்கூட யாரும் கேட்கவில்லை. அப்பா ஒவ்வொன்றாகப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருமுறை லுணுகலைப் பக்கமிருந்து ஒரு கடிதம். எங்கள் தோட்டத்தில் மூன்று மாதமாகத் தண்ணீர் இல்லை, மேலே இருப்பதே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுகிறது, என்ன செய்யலாம்? கடைசியில் ஒரு செடிக் கேள்வி வந்ததே என்ற சந்தோஷத்தில், மேலே இருக்கும் மரத்தின் கிளைகளைக் கழித்துவிடுங்கள் என்று பதில் எழுதினார். மேலே இருந்தது தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா. மாஸ்டர் துரையைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. அந்த வாரமே லயத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. கடைசிப் பக்கத்தில் கிடந்த பத்தி முதல் பக்கத்துக்குப் போனது. அப்பாவுக்கு அதிலும் எரிச்சல்தான்.

அவருடைய புலம்பல் தாங்காமல், பதினோரு வயதில் எனக்கிருந்த மூளைக்கு, வெலிமடையிலிருந்து ஓர் அம்மா எழுதுவதுபோல நானே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். வீடு மாறுகிறோம், பழைய ரோஜாச் செடியை இந்த மழையில் பெயர்த்துக்கொண்டு போகலாமா? அப்பா துள்ளிக் குதிக்காத குறை. கூடவே கூடாது, மழையில் பெயர்த்தால் வேர் அழுகும், பழைய செடியை இருந்த இடத்திலேயே விடுங்கள் என்று பத்தி முழுக்க எழுதித் தள்ளினார்.

அதே மழையில்தான், தண்ணீர் கேட்ட அந்தத் தோட்டத்தில் மேல் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தது. பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வரச் சொன்னால் ஏழெட்டுக் குடும்பம் மாட்டேன் என்றது. ஏன் என்று கேட்டால் பத்திரிகையை நீட்டினார்களாம். அங்கே படிப்பிக்கும் மாஸ்டர் ஒருவர் போன் எடுத்துச் சொன்னார். அம்மா வீட்டில் இல்லாததால் என்னையும் இழுத்துக்கொண்டு அப்பா பஸ் ஏறினார்.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு அக்கா வாசலில் நின்றாள்.

“நான் ரோசாவத்தாம்மா சொன்னேன்” என்றார் அப்பா.

“தெரியும் மாஸ்டர். அன்னைக்கும் மரத்தத்தானே வெட்டச் சொன்னீங்க. தண்ணி வந்துச்சே.”

அப்பா வெடிப்பைப் பார்த்தார். கடிதம் எழுதியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அது தப்பும்மா. நான் தப்பா எழுதிட்டேன். பழைய செடிய மழையிலதான் பேத்து வைக்கணும்.”

அவர்கள் அரைமனதோடு இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அப்படியே வர வேண்டும், வராவிட்டால் திரும்ப ஏறிவிடுவோம் என்றார்கள். வந்தது. புதன்கிழமை மலை சரிந்து லயத்தை மூடியபோது உள்ளே ஒருவரும் இல்லை.

அடுத்த வாரம் வெலிமடையிலிருந்து நிஜமாகவே ஒரு தோட்டக்காரர் எழுதினார். அப்பாவுக்கு வந்த முதல் செடிக் கடிதம் அது. மழையில் ரோஜாவைப் பெயர்க்கச் சொல்கிறவனுக்கு மண்வெட்டியின் எந்தப் பக்கம் வெட்டும் என்று தெரியுமா என்று கேட்டிருந்தார். பத்திரிகையில் அதையும் போட்டார்கள். பத்தி நின்றது. அந்த இடத்தில் ராசிபலன் வந்தது. அப்பா ஒரு வரி விளக்கம் எழுதவில்லை. மழையில் பெயர்க்கக் கூடாதுதான் என்று எழுதினால் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தவர்களும்தானே படிப்பார்கள்? இன்னும் விரிசல் விட்டுக்கொண்டிருந்த மலைக்கு மிச்சச் சாமான் எடுக்க அவர்கள் ஏறிப் போயிருப்பார்கள். இதெல்லாம் எனக்கு எப்போது உறைத்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கடிதம் பேப்பரில் வந்த மறுநாள் வகுப்பில் எல்லாரும் கேலி செய்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து, தெரியாத விஷயத்தை ஏன் எழுதினீங்க என்று அப்பாவிடம் கத்தினேன்.

“ஆமாம்மா, தெரியாமத்தான் எழுதிட்டேன்” என்றார். நானும் நம்பினேன்.