காற்று புகுந்த அறை

லஸ்மினி மகளின் முதுகில் நாணயத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது விளிம்பு மழுங்கிய பழைய நாணயம், அம்மா வீட்டிலிருந்து வந்தது. அதைத் தைலத்தில் தோய்த்து, முதுகுத்தண்டிலிருந்து விலாப்பக்கமாகச் சாய்த்து இழுத்தாள். ஒரு கோடு முடிந்ததும் அதற்குக் கீழே இன்னொரு கோடு. ஒவ்வொன்றும் கருஞ்சிவப்பாக எழும்பியது. உடம்பில் புகுந்த காற்றை இறக்க எங்கள் பக்கம் இதுதான் வைத்தியம்.

"பாத்தியா யூலி, எம்புட்டு செவப்பு! உள்ள அவ்வளவு காத்து பூந்திருக்கு."

யூலி அவள் கணவனின் தங்கை. மெத்தையில் சுருண்டு கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள். "அடுத்தது என் முதுகு, ம்பாக். எனக்கும் தலை வெடிக்குது." அண்ணியானாலும் அக்காவானாலும் ஜகார்த்தாவில் ம்பாக்தான்.

"மெதுவா மா, எரியுது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு," என்றாள் மகள் கினான். ஒன்பது வயது.

"வரட்டும். அப்பத்தான் காத்து எறங்கும்."

சாயங்கால நேரம். வெளியே புஞ்சாக் மலைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் கதவும் ஜன்னல்களும் சாத்தியிருந்தன. நடுவில் மண் கும்மட்டியில் கரி கனிந்து சிவந்திருந்தது. நான்கு வயது பன்யு கட்டிலில் தூங்கினான். படுக்கை முழுக்க உருளுகிற பிள்ளை, அன்று போட்டது போட்டபடி கிடந்தான்.

லஸ்மினியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் காற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஜகார்த்தாவின் கிளெண்டரில் எங்கள் சந்தில் பிறந்தவள், இதே சந்தில் வாழ்க்கைப்பட்டவள். செருப்புக் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. வேலையில் கெட்டிக்காரி. ஆனால் சந்தில் அவளுக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. அவள் சிறுமியாக இருந்தபோது அவளுடைய அப்பா ஒரு கல்யாண வீட்டில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் காற்று அடைக்கிறது என்று சொல்லி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. "உட்காரும் காற்று" அடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. எங்கள் பக்கம் அந்தச் சாவுக்கு அதுதான் பெயர். நின்றது இதயம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் என் வேலையில் அந்த மாதிரிப் போனவர்களை நிறையப் பார்த்தாயிற்று. எந்தப் பெயர் வைத்தாலும் ஆள் போனது போனதுதான். ஆனால் சிறுமிக்குப் பெயர்தான் மனதில் தங்கியது.

அன்றிலிருந்து அவள் வீட்டு மின்விசிறி சுவரைப் பார்த்துத்தான் சுற்றும். மோட்டார் சைக்கிளில் ஏறினால் கோட்டை முன்பக்கம் பின்னாக மாட்டிக்கொள்வாள், பிள்ளைகளுக்குச் சட்டைக்குள் செய்தித்தாள் வைப்பாள். அவள் கணவன் ஹெந்தார் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், வாயாடி. "திருடன் வந்தாக்கூட இவளுக்குப் பயமில்ல. போறப்ப ஜன்னலைத் தொறந்து போட்டுட்டுப் போயிருவானோன்னுதான் பயம்," என்பான்.

இப்படிப்பட்டவள் மலைக்கு எதற்குப் போகிறாள்? பிள்ளைகளுக்காக. எங்கள் சந்தில் ஒரு பிள்ளை நாலடி ஓடினால் யாராவது ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் முட்டிக்கொள்ளும். முதல் தடவை புஞ்சாக்குக்குப் போனபோது பன்யு தேயிலைச் சரிவில் மூடுபனி இறங்குவதைப் பார்த்து, "யாரு மா இங்க கொசுமருந்து அடிக்கிறாங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சனிக்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். விடிந்து கிளம்பினால் மலைச்சாலை நகராது.

போவாளே தவிர, அனுபவிக்க மாட்டாள். ஒவ்வொரு வளைவிலும் மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் துஆ சொல்வாள். பிள்ளைகள் குதிரை ஏறினால் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே சேற்றில் ஓடுவாள். வாந்திக்குக் கறுப்புப் பைகள், தைலம், நாணயம், மூன்று ஜோடிக் காலுறை எல்லாம் இருக்கும் பை ஒன்று அவள் தோளை விட்டு இறங்காது. ஞாயிறு இரவு வீடு திரும்பி எல்லோரும் முழுசாக இருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் அவளுக்கு அந்தப் பயணம் நன்றாக இருந்தது என்று தோன்றும்.

அந்தச் சனிக்கிழமை வாடகைக்கு எடுத்த வில்லாவின் தாழ்வாரத்தில் சோளம் சுட்டார்கள். வில்லாவைப் பார்த்துக்கொள்ளும் மாங் கொசிம் கரி பற்றவைத்துக் கொடுத்தார். சோளம் பாதி வெந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மலைக்குளிர் பிள்ளைகளின் பல்லைக் கிட்ட வைத்தது.

"கும்மட்டியை உள்ள தூக்கி வச்சா என்ன?" என்றாள் யூலி. "புகை எல்லாம் அடங்கிருச்சு. வெறும் கங்குதான். ரூம் கதகதன்னு இருக்கும்."

லஸ்மினி யோசித்தாள். அவளுக்குத் தீயை நினைத்துத்தான் பயம். திரைச்சீலையை மேலே தூக்கிக் கட்டினாள். கும்மட்டியைத் தரையோட்டின் நடுவில் வைக்கச் சொன்னாள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். பிறகு காற்றைக் கவனித்தாள். நாற்காலியில் ஏறி, ஜன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரங்களில் ஒவ்வொன்றாகச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தாள். கதவின் கீழ் இடுக்கில் குளியல் துண்டுகளைச் செருகினாள். பன்யு சரிவுப்பக்கம் ஓடிவிடக் கூடாதென்று மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். அதற்கு முன்பே சிகரெட்டும் கையுமாக நின்ற ஹெந்தாரைத் தாழ்வாரத்துக்குத் துரத்திவிட்டாள்.

"பிள்ளைங்க இருக்கிற எடத்துல ஒரு இழுப்புகூட இழுக்கக் கூடாது. வெளிய நில்லுங்க மாஸ்." கணவனை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

"மழையில நனைஞ்சு எனக்குக் காத்து பூந்தா?"

"உங்களுக்கெல்லாம் பூராது. தோலு கெட்டி."

அவன் சிரித்துக்கொண்டே போய் மாங் கொசிமோடு டோமினோ ஆட உட்கார்ந்தான்.

மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து ஒரு வாயு வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. முதலில் தலைவலி, குமட்டல். பிறகு கால் தொய்யும், யோசனை குழம்பும். பிறகு தூக்கம். தூங்கினவர்கள் எழுவதில்லை. அந்த அறையில் நாலு பேர் இருந்தார்கள், ஒருவன் ஏற்கெனவே தூங்கிவிட்டான். அந்த வாயுவைப் பற்றித் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. தலைவலியும் குமட்டலும் காற்று புகுந்ததற்கு அடையாளம் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே கினான் தலையைப் பிடித்துக்கொண்டபோது லஸ்மினி செய்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இடுக்குத் துண்டுகளை இன்னும் இறுக்கினாள். பெண்ணின் சட்டையைக் கழற்றி நாணயத்தை எடுத்தாள். கினானின் முதுகு முடிந்து யூலியின் பக்கம் திரும்பும்போது அவளுக்கே தலை சுற்றியது. எனக்கும் பூந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது யாரோ ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்கள். அவள் ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்தாள். வெளியே ஹெந்தார். ஆட்டத்தில் தோற்றதற்குத் தண்டனையாக இரண்டு காதிலும் துணி காயப்போடும் கிளிப்புகள் கொத்தாகத் தொங்கின. மெல்லிய பனியன், வெறுங்கால், தலையெல்லாம் சாரல். காப்பி வேண்டும் என்று கையால் காட்டினான்.

"போங்க, போங்க. தொறந்தா காத்து வரும்," என்று இவளும் கையைக் காட்டினாள். அவன் கிளிப்புகளை ஆட்டிப் பல்லைக் காட்டிவிட்டுப் போனான்.

அவள் மீண்டும் மெத்தைக்கு வந்தாள். ஏதோ ஒன்று இடறியது. என்னவென்று பிடிபடவில்லை. முதுகைத் திருப்பச் சொன்னாள், யூலி அசையவில்லை. கினான் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். பன்யுவை எழுப்பிப் பாலைக் கொடுக்கலாம் என்று அவன் தோளைத் தொட்டாள்.

"பன்யு. டேய், பன்யு."

தூக்கினாள். தலை ஒரு பக்கம் சரிந்தது. கையை விட்டாள், கை மெத்தையில் பொத்தென்று விழுந்தது. கன்னத்தைத் தட்டினாள். பிள்ளை இமையைக்கூட அசைக்கவில்லை. மூக்கருகே கை வைத்தாள். மூச்சு இருந்தது. எப்படி இருந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆழமில்லாத மூச்சு என்று மட்டும் பிற்பாடு சொன்னாள்.

பயந்துபோனாள். அந்தப் பயத்தில்தான் இடறியது எதுவென்று பிடிபட்டது.

அவர் மதியத்திலேர்ந்து காத்துல நிக்கிறாரு. மழையில நனைஞ்சிருக்காரு. அவருக்கு ஒண்ணுமில்ல. ஒரு இழை காத்துகூட வராத ரூம்ல எங்க நாலு பேருக்கும் எப்படிப் பூந்துச்சு?

யோசனை பாதியில் நழுவியது. மீண்டும் பிடித்தாள். காத்து ஒருத்தருக்குப் பூரும், ரெண்டு பேருக்குப் பூரும். வீட்டுக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல பூராது. இது காத்து இல்ல. உள்ள இருக்கிறது வேற எதுவோ.

கும்மட்டியைப் பார்த்தாள். கங்கு அழகாகச் சிவந்திருந்தது.

எழுந்து நின்றாள். முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தாள். தவழ்ந்து கதவருகே போய்த் துண்டுகளைப் பிடுங்கினாள். கதவு அசையவில்லை. தாழ்ப்பாள் மேலே. கதவைப் பிடித்து எழ முயன்றாள். விரல் எட்டவில்லை, மறுபடி விழுந்தாள். "மாஸ்!" என்று கத்தியதாகத்தான் அவள் நினைத்தாள். தாழ்வாரத்தில் மழைச் சத்தமும் டோமினோக் கட்டைகளை மேசையில் அறையும் சத்தமும். அவர்களுக்குக் கேட்கவில்லை.

கையில் இன்னும் நாணயம் இருந்தது. அதை ஜன்னலில் எறிந்தாள். டிங்கென்று பட்டுக் கீழே விழுந்தது. பிறகு காப்பி பிளாஸ்க் கண்ணில் பட்டது. இரண்டு கையாலும் பிடித்து, மண்டியிட்டபடியே வீசினாள்.

கண்ணாடி உடைந்தது. சில்லென்று காற்று உள்ளே புகுந்தது.

"லஸ்! என்ன பண்ற?"

"பிள்ளைங்களை வெளிய தூக்குங்க. கேக்காதீங்க. தூக்குங்க."

ஹெந்தார் கதவை ஒட்டிய ஜன்னலின் உடைந்த இடம் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தான். முழங்கையிலிருந்து ரத்தம் ஒழுகியது. முதலில் பன்யு, பிறகு கினான். யூலியை மாங் கொசிம் அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தார். லஸ்மினி தானே தவழ்ந்து வந்து தாழ்வாரத்துத் தரையில் மகனின் உள்ளங்காலை அடித்தாள். சாரல் அவன் முகத்தில் அடித்தது. அவன் பிறந்த நாளிலிருந்து அவன்மேல் ஒரு தூறல் விழ விட்டதில்லை அவள். இப்போது துடைக்கவில்லை.

"மூச்சு விடுடா. விடு. காத்து நிறைய இருக்கு பாரு, இழு."

அவன் இருமினான். வாந்தி எடுத்தான். பிறகு அழுதான், பலமில்லாத அழுகை. அதைக் கேட்டதும் அவளும் அழ ஆரம்பித்தாள், ஹெந்தாரும் அழுதான், காதில் கிளிப்புகளோடு.

"பு, அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு, பிள்ளைக்கு உதடு இன்னும் நல்லா இல்ல," என்றார் மாங் கொசிம். பெண்கள் யாராயிருந்தாலும் அவருக்கு 'பு'தான். "ரெண்டு வளைவு கீழ கிளினிக் இருக்கு. ரோடு இப்ப மேல போற வண்டிக்கு மட்டும்தான். நான் முன்னாடி வண்டியில கத்திக்கிட்டே போறேன், நீங்க பின்னாடியே ஒட்டிக்கிட்டு வாங்க."

அப்படியே போனார்கள். எதிரே ஏறிவந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. திட்டினவர்களும் உண்டு. வளைவில் நின்ற போலீஸ்காரர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலை எதிர்ப்பக்கம் ஊதினார்.

கிளினிக்கில் நாலு பேருக்கும் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். கினானின் முதுகைப் பார்த்த நர்ஸ், "முதல்ல தேய்ச்சுப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். லஸ்மினி தலையசைத்தாள். "எல்லாரும் அதான் செய்வோம்," என்று சொல்லிவிட்டு நர்ஸ் குழாயைச் சரிசெய்தாள்.

முகமூடிக்குள்ளிருந்து கினான் கேட்டாள்: "மா, இதுல வர்றதும் காத்துதானே?"

"ஆமா."

"நம்ம பயப்படணுமா?"

லஸ்மினி அவள் தலையைக் கோதினாள். பன்யுவின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடியும்வரை அதைத்தான் பார்த்தாள். டாக்டர் வந்து, கண்ணில் விளக்கடித்து, பெயரைக் கேட்டு, அவன் "பன்யு, நாலு வயசு, நூடுல்ஸ் வேணும்" என்று சொன்ன பிறகுதான் அவள் சுவரில் தலை சாய்த்தாள்.

ஞாயிறு காலை வில்லாவுக்கு மூட்டை கட்டப் போனார்கள். வெயில் அடித்தது. பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் யூலியோடு உட்கார வைத்துவிட்டு லஸ்மினி நாற்காலியை ஜன்னலடியில் போட்டாள். துவாரங்களில் திணித்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கடைசி ஒன்று ஆழமாகப் போயிருந்தது. சோளம் சுட்ட குச்சியால் குத்தி எடுத்தாள். ஹெந்தார் கட்டுப் போட்ட கையோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு கும்மட்டியிலிருந்து ஆறிப்போன ஒரு கரித்துண்டைப் பொறுக்கினாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், உள்ளே நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படும் உயரத்தில், பெரிய எழுத்தில் எழுதினாள்: கரி அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். பிள்ளை எழுந்திருக்காது.

மாங் கொசிம் தலையைச் சொறிந்தார். "பு, போன மாசம்தான் வெள்ளையடிச்சாரு முதலாளி. பாத்தா என்னைத்தான் பிடிப்பாரு."

"நான்தான் எழுதினேன்னு சொல்லுங்க."

"பேரு கேப்பாரே."

அவள் மீண்டும் கரியை எடுத்து அடியில் தன் பெயரை எழுதினாள். கொசிம் அதைப் படித்தார். பிறகு உள்ளே போய்ப் பக்கத்து அறையின் கதவையும் திறந்து, "இங்கயும் ஒண்ணு எழுதிருங்க," என்றார்.