தபசு காலத்தில் கொண்டுபோன வெண்ணெய்ப் பணியாரம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தலைமன்னாரில் வலை இழுத்த இந்தக் கைகள், பிரான்சின் மேற்குக் கரையில் பிரெத்தாஞ் என்கிற பகுதியில், ஒரு பேக்கரியின் தட்டுக் கழுவும் தொட்டிக்குள் போய் விழுந்தன. வாயில் ஒரு சொல் பிரெஞ்சு இல்லை. பிறகு மாக் குழைத்தேன். பிறகு ரொட்டி சுடும் போறணை அடுப்புக்கு முன்னால் நின்றேன். இன்றைக்கு அந்த பேக்கரியே என்னுடையது. மூன்று போறணை, நாலு வேலையாட்கள், கடல் தெரிகிற வீடு, மருந்தாளராகப் படித்து முடித்த மகள், ஊரில் அக்காவுக்கு ஓட்டுக் கூரை. கைபிடித்துத் தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பிறகு மறந்துபோவீர்கள்.

இவ்வளவும் கட்டியவனுக்கு இன்னமும் பழகாத ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடைக்கு வருகிறவர்கள் கேக்கை அட்டைப் பெட்டியில் போட்டு நாடாவால் கட்டித் தரச் சொல்வார்கள். அந்த நாடாவில் ஒரு விரலைக் கோத்துக்கொண்டு, தெருவே பார்க்க ஆட்டி ஆட்டிக் கொண்டுபோவார்கள். எங்கள் பக்கம் ஒரு வீட்டுப் பணியாரம் அடுத்த வீட்டுக்குப் போனால் துணி மூடித்தான் போகும். கண்படும். அதைவிட, பார்த்தவனுக்கும் ஒரு துண்டு கொடுக்க வேண்டி வரும். இங்கே பார்த்தவன் நல்ல ஞாயிறு என்று வாழ்த்திவிட்டுத் தன்பாட்டில் போகிறான். கொண்டுபோனவனோ, போன வீட்டில் பெட்டியை அப்போதே அவிழ்க்க வைத்து, தானும் இருந்து ஒரு துண்டு தின்றுவிட்டுத்தான் எழும்புகிறான். எங்கள் ஊரில் அப்படிச் செய்தால் அடுத்த முறை கதவு திறக்காது.

இந்தப் பங்குனியில் ஊருக்குப் போக நினைத்தபோது, என்ன கொண்டுபோவது என்று ஒரு கிழமை யோசித்தேன். விமான நிலையத்துச் சொக்கலேற், கையால் ஒன்றும் செய்யத் தெரியாதவர்களுக்கு. நானும் முந்தி அதைத்தான் கொண்டுபோனவன். அப்போது இன்னொருவரிடம் வேலை செய்தேன், ஓகஸ்டில் மடுமாதா கோயில் திருவிழாவுக்கு லீவு கிடைத்தது. இந்த முறை என் கைப்பட்ட பண்டம் போக வேண்டும். எக்லேரின் கிரீம், விமானம் கட்டுநாயக்கவில் இறங்கமுன்னமே உருகி அழுதுவிடும். குருவாசான் நசிந்து பாயாகிவிடும். கடைசியில் குயின் அமானைத் தெரிந்தெடுத்தேன். அது இந்தக் கரை ஆட்களின் சொந்தப் பணியாரம். பாண் மாவுக்குள் வெண்ணெயும் சீனியும் வைத்து மடித்து மடித்து, சீனி கருகிப் பளபளக்கும்வரை போறணையில் விடுவது. விழுந்தாலும் உடையாது, நாலைந்து நாள் தாங்கும். இருபத்துநாலு செய்து, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, உடுப்புகளை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை நிரப்பினேன்.

இவ்வளவு மினக்கெட்டதற்குக் காரணம் பிலோமினா அக்கா. என் கையால் செய்த ஒன்றையும் அவள் இன்னும் வாயில் வைத்ததில்லை. தெருவில் யார் விசாரித்தாலும், "அவன் அங்க கோப்பை கழுவுறான், பாவம்" என்றுதான் சொல்வாள். கடை வாங்கிய படம் அனுப்பினேன். "ஆரின்ர கடைக்கு முன்னால நிண்டு எடுத்தனீ?" என்று கேட்டாள். எனக்கு வேண்டியது அவள் வாயால் ஒரு வசனம்: இது என் தம்பி செய்தது.

தலைமன்னாரில் வந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் பெட்டியைத் திறந்தேன். வெண்ணெய் மணம் அக்கா வீட்டுக் கூடத்தை நிறைத்தது. அக்கா எட்டிப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"தம்பி, இது தபசு காலமல்லோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்தக் கடை போட்ட பிறகு ஓகஸ்டில் அசையேலாது, உல்லாசப் பயணிகள் வந்து குவிவார்கள். தைமாதத்து ராசாக்கள் திருநாள் கேக்குக்கும் பாஸ்குச் சொக்கலேற் முட்டைக்கும் இடையில்தான் பேக்கரிக்காரனுக்கு மூச்சுவிட நேரம். கடைக் கலண்டரைப் பார்த்து விமான ரிக்கற் எடுத்த நான், கோயில் கலண்டரைப் பார்க்கவில்லை. சாம்பல் புதன் முடிந்து மூன்றாம் கிழமை, உயிர்த்த ஞாயிறாகிய பாஸ்கு வரைக்கும் ஊரே ஒறுத்தல் இருக்கும் காலம்!

"ஒரு சின்னத் துண்டு, அக்கா. மாதா கோவிக்க மாட்டா."

"நேத்தி வச்சனான். பாஸ்கு வரும் மட்டும் இனிப்பு வாயில வைக்கிறேல்ல எண்டு."

"என்னத்துக்கு நேத்தி?"

"உன்ர முழங்காலுக்குத்தான். போனில ஒவ்வொருநாளும் நோகுது நோகுதெண்டு அழுதனீ."

என் முழங்காலுக்காக என் பணியாரத்தை ஒறுக்கிறாள். முழங்கால் சுகமாகிவிட்டது என்று எழும்பி நடந்தும் காட்டினேன். "அப்ப நேத்தி பலிக்குது, இடையில விடேலாது" என்றாள்.

அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே கதைதான். "வையுங்கோ அண்ணை, பாஸ்குக்குப் பிறகு சாப்பிடுறம்." நானோ பாஸ்குவுக்கு முன்னமே திரும்ப வேண்டும், அது கடையில் உச்சக் காலம். என்னோடு சின்னனில் கடலுக்கு வந்த காதரிடம் இரண்டைக் கொண்டு ஓடினேன். அவன் படலையிலேயே மறித்தான்.

"நோன்பு, மச்சான். பொழுதுபடக் கொண்டா. பண்டிக் கொழுப்பு இல்லையே?"

"முழுக்க வெண்ணெயடா!"

நோன்பு திறந்த கையோடு இரண்டையும் முடித்துவிட்டு, "இவ்வளவு நாளும் இதை எங்கயடா ஒளிச்சு வச்சிருந்தனீ?" என்று கேட்டான். தலைமன்னாரில் என் கையை மெச்சிய முதல் ஆள் அவன்தான். ஆனால் அவன் என் அக்கா இல்லையே.

மிச்சத்துக்கு வழி சொன்னவர் அக்காவின் புருசன் மத்தியாஸ் அத்தான். அவருக்குக் கரையில் மீன் போடும் வாடியில் பெரிய குளிர்ப்பெட்டி உண்டு. "அறக்குளா மீனே ரெண்டு மாசம் கிடக்குது, உன்ர பணியாரம் கிடவாதே?" என்று பொலித்தீனில் சுற்றி, மீன்களுக்கு நடுவில் அடுக்கிவிட்டார். வரும்போது அக்கா எனக்குப் பனம்பழப் பனாட்டும் கருவாடும் கட்டித் தந்தாள். சீலையால் மூடித்தான்.

கடைக்குத் திரும்பியதும் வழமையாக வரும் ஒரு மதாம், அக்காவுக்குப் பிடித்ததா என்று கேட்டார். இன்னும் சாப்பிடவில்லை, நாற்பது நாள் நோன்பு என்றேன். "ஓ, முஸ்லிமா?" என்றார். "இல்லை மதாம், உங்களைப் போலக் கத்தோலிக்கர்." அவர், "பாவம், வயிற்றில் வருத்தமா?" என்று கேட்டு, இரண்டு எக்லேர் வாங்கிக்கொண்டு போனார்.

பாஸ்கு ஞாயிறு. கடையில் வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. நான் போனை மா வாளியில் சாத்தி வைத்து வீடியோவில் அக்காவைப் பிடித்தேன். அவள் வாயில் பணியாரம் அரைபடுகிறது.

"எப்பிடி, அக்கா?"

"கொஞ்சம் மீன் வாடை அடிக்குது. எண்டாலும்..." இன்னொரு துண்டு எடுத்தாள். "நல்லாத்தான் செய்திருக்கிறாய்."

நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சனத்துக்குச் சொன்னீங்களோ, நான் செய்ததெண்டு?"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "காலமை பூசை முடியச் சுடவச்சுக் குடுத்தன். எல்லாரும் என்ர கைப்பக்குவம் எண்டு நினைச்சிட்டினம். பெரிய பெருநாளில ஏன் அதுகளின்ர மனத்தை முறிப்பான் எண்டு, நானும் பேசாம இருந்திட்டன்."

பின்னால் அத்தான் சிரிக்கிற சத்தம் கேட்டது. "பூசை வச்ச சுவாமியும் ரெண்டு வாங்கிச் சாப்பிட்டவர்!"

என் கடை வாசலுக்கு மேலே இன்னமும் பழைய முதலாளியின் பேர்தான் இருக்கிறது. மாற்றினால் சனம் வராதோ என்று பயந்து நான்தான் விட்டுவைத்தேன். இங்கே வரிசையில் நிற்பவர்கள் அவருடைய கைப்பக்குவம் என்று சொல்லி வாங்குகிறார்கள். அங்கே அக்காவின் கைப்பக்குவம் என்று சொல்லித் தின்கிறார்கள். இரண்டு கடற்கரையிலும் என் பணியாரத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. என் பேருக்குத்தான் இன்னும் ஒரு கரையும் இல்லை. இங்கத்தைய பேர்ப்பலகையை நான் ஏணி வைத்து ஏறி மாற்றிக்கொள்வேன், முழங்காலும் இப்போது பரவாயில்லை. தலைமன்னார்ச் சனத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். பாஸ்குவன்று நீங்கள் விரல் சூப்பித் தின்றது சவிரியான் மகன் செபமாலை தன் கையால் செய்தது. அக்கா, வாற ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில் நின்று இதை நீங்களே வாய்திறந்து சொல்ல வேண்டும். மீன் வாடை மட்டும் அத்தானுடையது, அதை அவர் பேரில் போட்டுக்கொள்ளுங்கோ.