பதில் ஏற்காத முகவரி

சனிக்கிழமை துணி மடிப்பது அவர் வேலை. கல்யாணமான புதிதில் எப்படியோ அவர் தலையில் விழுந்தது, இருபத்தாறு வருஷமாக அங்கேயே இருக்கிறது. கட்டிலில் ஒரு பக்கம் காய்ந்த துணிக் குவியல், மறுபக்கம் மடிக்கணினி. இரண்டு துண்டு மடிப்பார், திரையை ஒரு பார்வை பார்ப்பார், மறுபடி துண்டு.

குடிநீர் நிறுவனத்தில் மின்னஞ்சல் சர்வரைக் கவனித்துக்கொள்கிறவர். அலுவலகத்தில் தபால்காரர் என்றால்தான் தெரியும். திங்கட்கிழமை பெரிய குழாயில் வேலை, தண்ணீர் வராது என்று பதினோராயிரம் வீடுகளுக்குச் சொல்லியாக வேண்டும். சர்வரோ புதுசு. நேற்றுக் குடிவந்தவன் இன்றைக்கே தெரு முழுக்கக் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? குப்பை அஞ்சல் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் மணிக்கு முந்நூறு, அதற்கு மேல் போகாது என்று கட்டுப்பாடு போட்டிருந்தார். இன்று மாலை ஆறுக்குத் தொடங்கினால் திங்கள் காலை ஏழுக்குள் முடிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சோதனை. ‘சோதனை’ என்ற பட்டியலில் ஆறே முகவரிகள், எல்லாம் அலுவலகத்து ஆட்கள். அதற்கு அடுத்த வரியில் ‘அனைவரும்’ என்ற பட்டியல். அவர் கை அடுத்த வரியில் பட்டுவிட்டது. போர்வைகளை மடித்து, டீயும் குடித்துவிட்டு வந்து நிறுத்தியபோது நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போயிருந்தது. ‘சோதனை. கண்டுகொள்ள வேண்டாம்.’ அனுப்புநர் இடத்தில் நிறுவனத்தின் பெயரை இன்னும் போடவில்லை. அவர் பெயரே நின்றது.

மேலாளர் போன் செய்தாள். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

“என்ன சார், ஊருக்கே லெட்டர் போட்டீங்களாமே. எனக்கு மட்டும் வரலை.”

“பட்டியல் மாறிப்போச்சு.”

“விடுங்க. ஆறு மணிக்குள்ள பேரை மாத்திடுங்க. யாரும் பதில் போட முடியாத மாதிரி பண்ணிட்டு, வந்ததை எல்லாம் கழுவி விட்டுடுங்க.”

வந்திருந்தது நாற்பத்தொன்று. ‘கண்டுக்க வேண்டாம்னா எதுக்குய்யா அனுப்புறே?’ என்று ஒருவர். ‘எங்க வீட்டுல நேத்திலிருந்து தண்ணி வரலை, இதையாவது கண்டுக்குவீங்களா?’ என்று இன்னொருவர். ஒரு அம்மா ‘சரி’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அண்ணன்.

‘நீதானா? கண்டுக்காம விட முடியலைடா. நல்லா இருக்கியா?’

ஏழு வருஷத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் பழைய சர்வரை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். போன் சர்வர் அறைக்கு வெளியே அலமாரியில். அண்ணன் பதினோரு தடவை கூப்பிட்டார். இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அண்ணனிடமிருந்து ஒரு வரி: ‘ஏன் எடுக்கலைன்னு மட்டும் சொல்லு.’ சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று வாரமாயிற்று. அப்புறம் எந்த முகத்தோடு எழுதுவது? அண்ணன் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

கொடியிலிருந்து மீதித் துணியை அள்ளிக்கொண்டு வந்த மனைவி, அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

“மனுஷர் தானா வாயைத் திறந்திருக்காரு. ஒரு வரி போடுங்க.”

“வேலை முடியட்டும்.”

“உங்க வேலை என்னிக்கு முடிஞ்சுது?” துணியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவர் அனுப்புநர் பெயரை மாற்றினார். இந்த முகவரிக்கு வருவது எதுவானாலும் வாசலிலேயே கொட்டிவிடு என்று விதி எழுதினார். உள்ளே நாற்பத்தொரு கடிதங்கள் இருக்கின்றன, நீக்கிவிடவா என்று திரை கேட்டது. ஒன்றை மட்டும் எடுத்துத் தனியே வைப்பது அரை நிமிட வேலை. அவர் ‘ஆம்’ என்பதை அழுத்தினார். பசிக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

ஆறுக்கு அனுப்பத் தொடங்கினார். நிமிஷத்துக்கு ஐந்து. அண்ணனுடைய முகவரி பட்டியலில் தொண்ணூற்று நாலாவது. அதை மட்டும் நிறுத்திவைக்க நேரம் இருந்தது. பனியன்களை மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பத்தொன்பதுக்கு அதுவும் போயிற்று. திங்கட்கிழமை தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளவும். கடைசி வரியில், இது பதில் ஏற்காத முகவரி, தயவுசெய்து பதில் எழுத வேண்டாம்.

மடித்ததை எடுத்துப்போக மனைவி வந்தாள்.

“அண்ணனுக்கு என்ன எழுதினீங்க?”

ஒரு காலுறைக்கு ஜோடி கிடைக்கவில்லை. அவர் குவியலைக் கிளறினார்.

“உங்களைத்தான் கேக்குறேன்.”

காலுறையை முழங்கால் மேல் வைத்து நீவினார். திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அவள் துணி அடுக்கை மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவைக் காலால் தள்ளி வெளியே போனாள்.