மதினியை யாரென்று கேட்டபோது

சென்ற வருடம் எனக்குத் தூக்கம் வராமல் போயிற்று. வகுப்பில் சின்னச் சத்தம் கேட்டாலும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். பதுளையில் பார்த்த டாக்டர் பிரஷர் கூடியிருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதினார். "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் மரம் செடி உள்ள இடத்தில நடங்க. போனை வீட்டில வச்சிட்டுப் போங்க" என்றும் சொன்னார்.

ஹாலிஎலயில் என் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஏறினால் தேயிலைத் தோட்டத்து ரோடு. நான் பிறந்து வளர்ந்த தோட்டம். ஆசிரியை வேலை கிடைத்த பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் அங்கே போவேன். இப்போது தினமும் பின்னேரம் நடந்தேன். முதல் வாரம் கால் வலித்ததுதான் மிச்சம். பிறகு மழை விட்ட தேயிலையின் வாசமும் ஓடைச் சத்தமும் என்னை மெல்ல இளக்கின. மூன்றாம் வாரம் விடியும்வரை தூங்கினேன்.

இதைக் கேட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த டீச்சர் ஒருவர் தானும் வருவதாகச் சொன்னார். அழைத்துப் போனேன்.

"என்ன வடிவான இடம்! ஒவ்வொரு நாளும் இந்தக் காத்துக்குள்ள வேலை. இதுகள் குடுத்து வச்ச சனம்" என்றார்.

அட்டைக்கடியும் முதுகுவலியும் எனக்குத் தெரியாததா? "ஆமா டீச்சர்" என்றேன்.

அப்போதுதான் வேலை முடிந்த பெண்கள் கொழுந்து மூட்டைகளோடு இறங்கி வந்தார்கள். அவர்களில் என் மதினியும் இருந்தாள். இறந்துபோன அண்ணனின் மனைவி. நான் படித்து முடிக்கும்வரை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவளுடைய ஒற்றை அறையில்தான் இருந்தேன். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"ஆர் இது? தெரிஞ்ச ஆளோ?" என்று டீச்சர் கேட்டார்.

"நம்ம ஸ்கூல்ல படிக்கிற பிள்ளையோட அம்மா" என்றேன்.

மதினி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம் திரும்பி, "ஆமாங்க, டீச்சரத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். என் பொய்யை அவளும் சேர்ந்து சுமந்தாள்.

பத்து நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. தூக்கம் மறுபடியும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய் அவள் முன்னால் நின்று அழுதேன்.

"அழாத புள்ள" என்றாள். பிறகு, "ஆனா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. அதையும் சொல்லணும்ல" என்றாள்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் அந்த டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் அண்டைக்கு, குடுத்து வச்ச சனம் எண்டு விசர்க் கதை கதைச்சிட்டன்" என்றார்.

இப்போது மறுபடியும் நடக்கிறேன். ரோட்டோர மதகுவரைதான். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு மதினி அங்கே வருவாள். நாளெல்லாம் மலையில் நின்ற அவள் கால்களை இன்னும் நடக்க வைப்பதற்கு மனம் வரவில்லை. அரை மணித்தியாலம் இருவரும் மதகில் உட்கார்ந்திருப்போம். அவள் வெற்றிலை போடுவாள். எதிர்மலையில் மூடுபனி இறங்கும். உடம்பு தேறிவிட்டது. அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.