நிறைந்து திரும்பிய பாட்டில்

மே மாதத்து மாலைகளில் அம்மாவின் பையிலிருந்து நான் எடுக்கும் தண்ணீர் பாட்டில் கையைச் சுடும். மூடியைத் திறந்தால் ரப்பர் புகையின் வாடை மூக்கில் ஏறும். காலையில் பாரிவாக்கம் வீட்டுப் பானையிலிருந்து குளிரக் குளிர நான் மொண்டு ஊற்றிக் கொடுத்தனுப்பிய தண்ணீர், ஒரு வாய்கூடக் குறையாமல் திருமழிசைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கும். கோடை விடுமுறையில் எனக்கென்று இருந்த வேலை அந்தப் பாட்டிலை நிரப்புவது என்பதால், அது நிறைந்தே திரும்புவது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. "ஏம்மா குடிக்கல?" என்று கேட்டால், "மறந்துட்டேன்டி, செடிக்கு ஊத்து" என்பாள். ஆறவைத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன். எங்கள் வீட்டில் கோடையிலும் தளதளவென்று இருந்தது அது ஒன்றுதான்.

அம்மா திருமழிசைத் தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் வளையங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் "பிரஸ்" ஓட்டினாள். கொதிக்கும் இரும்பு அச்சுக்குள் ரப்பரை வைத்து அழுத்தி, வெந்ததும் பிய்த்தெடுக்கும் வேலை. தலைக்கு மேல் தகரக் கூரை. ஃபேன் கிடையாது, ஏனென்றால் காற்று பட்டால் அச்சு ஆறிவிடும். அச்சின் உடம்பு மேல் அவ்வளவு அக்கறை அவர்களுக்கு. எங்கள் தெருவிலிருந்து அதே வேனில் வேலைக்குப் போன எஸ்தர் அக்கா, "ரப்பரு வேவுதோ இல்லியோ, நாம நல்லா வேவுறோம்" என்று சொல்லிச் சிரிப்பாள். அம்மா சிரிக்கமாட்டாள். கோடையிலும் நாளுக்கு இத்தனை வளையம் என்ற கணக்குக் குறையாமல் ஓட்டுகிறவர்களைத்தான் "பர்மனென்ட்" செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா இறந்துபோன வீட்டில் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள்.

கத்திரி வெயிலில் யாருக்கும் கை ஓடாது, மாடுகூட நிழல் தேடிப் படுத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கம்பெனியின் மூளைக்கு அது எட்டவில்லை. பெண்கள் கக்கூசுக்கு எழுந்து எழுந்து போவதால்தான் உற்பத்தி விழுகிறது என்று கண்டுபிடித்தது. ஆகவே மழைக்காலம் முழுவதும் அலமாரியில் தூங்கும் ஒரு சிவப்பு அட்டை, சித்திரை பிறந்ததும் சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்து ஆணியில் வந்து தொங்கும். வெளியே போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். அவள் திரும்பி வந்து கழற்றும்வரை இன்னொருத்தி எழக்கூடாது. அத்தனை ஆண்களுக்கு நடுவே அதை மாட்டிக்கொண்டு நடக்க எவளுக்கு மனம் வரும்? பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டார்கள், பாவிகள். குடித்தால்தானே போகவேண்டும் என்று, தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். கணக்கு ஏறியது. அட்டை நன்றாக வேலை செய்கிறது என்று மேலே உள்ளவர்கள் சூப்பர்வைசரைப் பாராட்டினார்களாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது, வேன் நேரங்கெட்ட நேரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்ற ஒரு மதியத்தில். பிரஸ்ஸடியில் மயங்கி விழுந்த அம்மாவை எஸ்தர் அக்கா கைத்தாங்கலாக இறக்கினாள். அம்மாவின் உதடு வெளுத்து வெடித்திருந்தது. நான் ஓடிப்போய்ப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். அன்றும் நிறைந்திருந்தது.

"இன்னிக்கும் தொடலியாடி நீ?" என்று எஸ்தர் அக்கா அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். "செத்துகித்து பூட்டின்னா இந்தப் பொண்ண எவ பாப்பா?"

"அந்த அட்டய கழுத்துல மாட்டிக்கினு எவ போவா?" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச நாளு தானேக்கா. மழ வந்தா எடுத்துடுவானுங்கோ."

பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள், குடித்ததையெல்லாம் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். மறுநாள் காலை வழக்கம்போல் பாட்டிலைக் கேட்டாள், நானும் நிரப்பிக் கொடுத்தேன். சாயங்காலம் அது நிறைந்தே திரும்பியது.

அம்மாவைப் பர்மனென்ட் செய்தார்கள். என் பள்ளிக்கூடமும் கல்லூரியும் அந்த வேலையில்தான் நடந்தன, அதனால் அந்தக் கம்பெனியை வாய் நிறையத் திட்டக்கூட எனக்கு வக்கில்லை. அதுவே எனக்கு ஆத்திரம்.

இன்று அந்தத் தகரக் கொட்டகை இல்லை. புதிதாக வந்த மெஷின்களின் கம்ப்யூட்டர் சூட்டில் படுத்துவிட்டதாம். உடனே கட்டடம் முழுக்க ஏசி போட்டுவிட்டார்கள். பெண்கள் மயங்கி விழுந்தபோது வராத ஏசி. சிவப்பு அட்டையைப் பற்றிக் கேட்டால், அங்கே இப்போது வேலை செய்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. கறிவேப்பிலைச் செடி நின்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்துகிறார். நான் அம்பத்தூரில் ஓர் ஆபீசில் மே மாதத்திலும் சுவெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறேன்.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. பல காரணம் இருக்கும், வெயிலை மட்டும் சொல்லமுடியாது என்றார் டாக்டர். இருக்கட்டும், அவர் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்ததில்லை. டயாலிசிஸ் செய்கிறவர்கள் அளந்துதான் தண்ணீர் குடிக்கவேண்டுமாம். இப்போதும் காலையில் நான்தான் நிரப்புகிறேன், பாதி பாட்டில், நாள் முழுவதற்கும். வெயில் ஏறுவதற்குள் தீர்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாயி ஊத்துடி" என்கிறாள். "போதும்மா" என்று சொல்லிவிட்டுச் சொம்பை எட்டாத இடத்தில் எடுத்து வைக்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டே பாட்டிலை வாய்க்கு மேல் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சொட்டு நாக்கில் விழும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறாள்.